ரெஜினாவுக்கு நான் அடுக்கித் தந்த மாத்திரைகள்

மாத்திரை பேக்கிங் பிரிவில் ரெஜினாவுடன் பணியாற்றிய அன்பர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். அவளுடைய முப்பதாம் நாள் ஜெபத்தில் வாசிப்பதற்கென நீங்கள் என்னிடம் கேட்ட நினைவுரையை, அவள் மறைந்து ஐம்பது நாள்கள் கடந்தபின் இன்று அனுப்புகிறேன். இத்தாமதத்திற்கு மன்னிப்புக் கோருகிறேன். வேலைப்பளு காரணமன்று, காரணத்தை இவ்வுரைக்குள்ளேயே எழுதியிருக்கிறேன். முறைப்படி ‘அவர்’ என்றுதான் எழுதத் தொடங்கினேன். படித்தால் அவளே சிரிப்பாள் என்று தோன்றியதால் அடித்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலை, கும்மிடிப்பூண்டி வண்டிக்காகப் பொன்னேரி நிலையத்தில் நின்றிருந்தேன். அவள் கணவர் தாஸ் அண்ணன் அழைத்தார். “ரெஜி பூட்டாமா” என்றார். அடுத்து, “நீ சாப்ட்டியா?” என்று கேட்டார். என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டிருப்பார். “சாப்பிட்டேன் அண்ணா” என்று நானும் சொன்னேன். வண்டி வந்தது, போயிற்று. நான் ஏறவில்லை.

கடைசி மேசையில் அட்டைகளைச் சரிபார்ப்பது அவள் பணி. ஒரு முறை பெயர் அச்சு மங்கிய அட்டைகள் தொடர்ந்து வந்தபோது, அவள் இயந்திரத்தையே நிறுத்தச் சொல்லிவிட்டாள். மேற்பார்வையாளர் ஓடி வந்தார்.

“இன்னா ரெஜினா, மாத்திர நல்லாத்தான கீது? வுடு.”

“நல்லாத்தான் கீது சார். இது இன்னா மாத்திரன்னு நீங்க சொல்லுங்க, வுட்டுர்றேன்.”

அவர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்று முழுவதும் அந்த அட்டைகள் ஒதுக்கப்பட்டன. “அட்டைய கிழிச்சுட்டா அது மாத்திரையா, மிட்டாயா?” என்று அவள் கேட்டதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளது இடக்கால் வீங்கியது. நின்று நின்று வந்த வீக்கம் என்றே நாமெல்லாம் நினைத்தோம். காலின் உள்நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருப்பதாக மருத்துவர் கண்டறிந்தார். இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை ஒன்று, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, அளவு பார்க்க அவ்வப்போது இரத்தப் பரிசோதனை என்று முறை வகுத்தார். அன்றிலிருந்து அவளது சிகிச்சையை நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பெட்டிக்குள் நாம் மடித்து வைக்கும் மருந்துக் குறிப்புத் தாள்களை அகராதியின் துணையோடு படித்துத் தேறியவள். அந்தத் தேர்ச்சியில் எனக்கிருந்த பெருமை உங்களுக்குத் தெரியும். ரெஜினா என்னை “டாக்டரம்மா” என்றே அழைத்தாள். கேலியாகத்தான். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

கீரை இம்மாத்திரையின் வேலையைக் குறைக்கும் என்று படித்ததும், கேண்டீனில் அவள் தட்டிலிருந்த கீரைப் பொரியலை நானே எடுத்துவிட்டேன். மூன்று மாதம் அவளைக் கீரை தொடவிடவில்லை. அடுத்த பரிசோதனைக்குப் போனவள், நேராக மருத்துவரிடமே கேட்டுவிட்டு வந்தாள்.

“டாக்டரம்மா, அந்த டாக்டரு கீரைய வுட சொல்லலியாம். எப்பவும் ஒரே அளவா துன்ன சொல்றாரு. ஒரு நாள் கூட, ஒரு நாள் கம்மின்னு துன்னாத்தான் பேஜாராம்.”

“அவர்கிட்டப் போய் ஏன் கேட்ட? நான்தான் சொன்னேனே.”

“எனக்குத் தெரியலடி, கேட்டேன். கேட்டா இன்னா, துட்டா கேக்குறான்?”

மேசையிலிருந்த அனைவரும் சிரித்தார்கள். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து, தன் பொரியலில் பாதியை என் தட்டில் வைத்தாள்.

அவளுக்கு மறதி அதிகம். காலையில் போட்டோமா இல்லையா என்று வண்டியில் என்னையே கேட்பாள். ஆகவே, பாசிமணி போட்டு வைக்கும் ஏழு அறை டப்பா ஒன்றைப் பஜாரில் வாங்கினேன். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, கிழமைவாரியாக அடுக்கி, மூடிகளில் கிழமைகளை அழகாக எழுதினேன். அவள் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“இன்னாடி இது, எல்லாத்தையும் அட்டையிலருந்து உரிச்சுட்ட? நம்ம லைன்ல வந்தா நானே இத ரிஜெக்ட் பண்ணுவேன்.”

“ஆறு மாசமா ஒழுங்கா மாத்திரை போட்டிருக்கியா நீ? அட்டையோட வச்சா டப்பா மூடாது. எது எதுன்னு எனக்குத் தெரியும். சீட்டும் எங்கிட்டதான் இருக்கு.”

“உனுக்குத் தெரியும் சரி. எனுக்கு?” என்றாள். பிறகு, “சரி, டாக்டரம்மா சொன்னா அப்பீல் ஏது” என்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டாள். மருந்துச் சீட்டையும் காலி அட்டைகளையும் ஒரு கோப்பில் அடுக்கி என் வீட்டில் வைத்தேன். அதன்பின் ஒரு வேளைகூடத் தவறவில்லை. அதையும் நான் பலரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அவளுக்கு வாரவிடுப்பான ஒரு புதன்கிழமை காலை, வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையின் பின்புறம் அடிபட்டது. காயம் பெரிதாகத் தெரியவில்லை. தாஸ் அண்ணன் அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். வழக்கமாக என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்குப் பேச்சு குழறியதால் அண்ணன்தான் டப்பாவை நீட்டினார். வெள்ளையில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று. எந்தப் பெயரும் இல்லை. “கொழுப்பு மாத்திரைங்க சார்” என்றார். அவருக்கு நினைவிருந்தது அவ்வளவுதான். பிறகு என்னை அழைத்தார். பதினொரு முறை அழைத்திருக்கிறார். பணிநேரத்தில் நம் கைபேசிகள் லாக்கரில் இருக்கும். மூன்று மணிக்கு வெளியே வந்து, இரத்தம் உறையாமல் காக்கும் அந்த மாத்திரையின் பெயரை நான் சொன்னபோது, தலைக்குள் இரத்தம் நிற்காமல் கசிந்து அவள் நினைவிழந்திருந்தாள். உடனே சென்னைக்குக் கொண்டு சென்றார்கள். அவள் போனபின் அங்கிருந்த மருத்துவரிடம் நானே கேட்டேன். “காலையிலயே தெரிஞ்சிருந்தா மாத்து மருந்து சீக்கிரம் குடுத்திருக்கலாம்மா. அப்பவும் பொழைச்சிருப்பாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது” என்றார். இந்த இரண்டு வாக்கியங்களில் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளப் பல நாள் முயன்றேன். இயலவில்லை.

முப்பதாம் நாள் ஜெபத்தில், நீங்களெல்லாம் அமர்ந்திருக்க, தாஸ் அண்ணன் என்னைக் காட்டி, “இந்தத் தங்கச்சி டப்பா செஞ்சு குடுத்ததாலதான் ஒன்றரை வருசம் அவ ஒழுங்கா மாத்திர போட்டா” என்று சொல்லிக் கைகூப்பினார். நானும் கைகூப்பினேன். எழுதிக் கொண்டுசென்றிருந்த நினைவுரையில் அவளது சிரிப்பைப் பற்றியும் நல்ல மனத்தைப் பற்றியும் அழகிய வாக்கியங்கள் இருந்தன. அவற்றை எடுத்து வாசிக்க என்னால் முடியவில்லை. உடல்நலமில்லை என்று சொல்லி எழுந்து வந்தேன். சென்ற ஞாயிறன்று அவர் வீட்டுக்குப் போய் அனைத்தையும் கூறினேன். அவர் உள்ளே போய் அந்த டப்பாவை எடுத்து வந்து என் முன் வைத்தார். பிறகு, “நான் கேட்டு வச்சிருக்கணும்மா. என் பொண்டாட்டி போடுற மாத்திர” என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

ரெஜினாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான். ‘எனக்குத் தெரியல’ என்று நாலு பேர் முன்னிலையில் கூசாமல் சொல்வாள். இத்தனை ஆண்டுகளில் எனக்கு அது வாய்க்கவில்லை. இப்போது பழகுகிறேன்.

ஏனெனில், அவள் டப்பாவைப் பார்த்து ஆசைப்பட்டு உங்களில் ஐந்து பேர் என்னிடம் அதே போன்று கேட்டு வாங்கினீர்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் கொழுப்புக்கும் இதயத்துக்குமான உங்கள் மாத்திரைகளை நானே உரித்து அடுக்கினேன். கஸ்தூரி, உன் டப்பாவில் இருக்கும் சிறிய வெள்ளை மாத்திரை எதுவென்று எனக்கு இப்போது உறுதியாகத் தெரியவில்லை. ஐவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து, மாத்திரைகளின் பெயரை வீட்டிலுள்ள ஒருவருக்காவது படித்துக் காட்டுங்கள். ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். இனி மாத்திரைகள் அட்டையோடே இருக்கட்டும். செய்து முடித்ததும் எனக்கு எழுதுங்கள். எந்த மாத்திரை எதுவென்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள்; மருத்துவரிடம் நான் உடன் வருகிறேன். விரைவில் பதில் அனுப்புங்கள்.