போக்கிடம் இருந்தும் போனவள்

அக்கா ஒரே மூச்சில் இரண்டு விண்ணப்பங்களை நிரப்பியது இன்றும் என் கண்முன் நிற்கிறது. ஞாயிறு பூசை முடிந்து வந்திருந்தோம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, மடியில் தலையணையை வைத்து, அதன்மேல் தாளைப் பரப்பி எழுதினாள். ஒன்று அடையாற்றில் இருந்த கன்னியர் மடத்துக்கு, தன்னைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி. மற்றொன்று அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலைக்கு. நர்ஸிங் முடித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. எழுதி முடித்ததும் இரண்டையும் என்னிடம் நீட்டி, பிழை இருக்கிறதா பார்க்கச் சொன்னாள். நான் அப்போது கல்லூரியில் முதல் வருடம். கன்னியாஸ்திரீ ஆகப்போகிறவள் வேலைக்கும் ஏன் எழுதிப் போடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் இல்லை.

நைனா கேட்டார். மயிலாப்பூருக்குக் கிழக்கே கடலை ஒட்டிய குப்பத்தில் எங்கள் வீடு. நைனா படகில் கடலுக்குப் போவார், அம்மா மந்தைவெளிப் பக்கம் மீன் விற்பாள். மகள் மடத்துக்குப் போவதில் நைனாவுக்கு வருத்தம் இருந்ததே தவிர எதிர்ப்பு இல்லை. அவரைச் சுட்டது இரண்டாவது விண்ணப்பம். "சாமிகிட்ட போறேன்ற. அப்பால இன்னொண்ணு எதுக்கு? உனுக்கே நம்பிக்கை இல்லியா?" என்றார். எங்கள் குப்பத்திலிருந்து முன்பு மடத்துக்குப் போன ஓரிரு பெண்களை, கல்யாணத்துக்கு வழியில்லாமல் போனவர்கள் என்று ஊர் பேசியிருக்கிறது. அந்தப் பேச்சு அக்காவுக்கும் தெரியும். "வேற போக்கிடம் இல்லாம வந்தவள்னு யாரும் சொல்லக் கூடாது நைனா. ஊரை உடு. நாளைக்கி எனக்கே அந்தச் சந்தேகம் வரக் கூடாது" என்றாள். நைனா சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

மடத்தில் அவளை ஒரு மாதம் தங்கிப் பார்க்கச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. ஜூன் மாதம் சேரலாம் என்று கடிதம் வந்தது. அடுத்த வாரமே வேலைக்கான உத்தரவும் வந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தாள், அவ்வளவுதான். ஆனால் மே மாதக் கடைசியில், கரையேறும் நேரத்தில் படகு அலையில் புரண்டு நைனாவின் தோளை நசுக்கியது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் வலது கை தோளுக்கு மேலே எழவில்லை. வலை இழுக்க முடியாத கையோடு அவர் வீட்டில் உட்கார்ந்தார். அக்கா ஓரமாக வைத்திருந்த உத்தரவை எடுத்துக்கொண்டு போய் வேலையில் சேர்ந்தாள். அவர் கோபப்பட்ட அந்த விண்ணப்பம்தான் எங்களைத் தாங்கியது.

என் படிப்பு முடிந்து நிலையான வேலை கிடைக்கும் வரை பொறுக்கச் சொல்லிக் கேட்க, மடத்துத் தலைவியைப் பார்க்கப் போனாள். நானும் கூடப் போனேன். அந்த மதர் நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "கதவைப் பூட்ட மாட்டோம்மா. ஆனா உனக்காகத் திறந்து வெச்சுக் காத்திருக்கவும் முடியாது" என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாள். பஸ்ஸில் திரும்பும்போது அடையாற்றுப் பாலம் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து வருடம் போனது. மாதத்தின் முதல் சனிக்கிழமை தவறாமல் மடத்துக்குப் போய்வந்தாள். மற்ற நாட்களில் வார்டு, வீடு, நைனாவின் கையை உருவிவிட்டுத் தரும் பயிற்சி. அவள் மனம் மாறிவிட்டதாக ஊர் முடிவு கட்டியது. திருவான்மியூரில் மருந்துக்கடை வைத்திருந்த ஒருவரின் வீட்டிலிருந்து வரன் வந்தது. அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அக்கா தட்டிக்கழிக்கவில்லை. நேரில் போய் அவரோடு ஒரு மணி நேரம் பேசினாள். வந்து என்னிடம் சொன்னாள்: "நல்ல மனுஷன். அவரோட சந்தோஷமா வாழ்ந்திருப்பேன்னு தோணுது. அது தெரிஞ்சும் எனக்கு அங்கதான் போகணும்னு இருக்கு." இதைவிடத் தெளிவாகத் தேவ அழைத்தலை யாரும் எனக்கு விளக்கியதில்லை. பூசை வைக்கும் ஒரு சாமியார்கூட.

நான் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். கோபாலபுரத்தில் ஒரு சிறிய பள்ளியில் நான் தற்காலிகமாகப் பார்த்துவந்த ஆசிரியை வேலை நிரந்தரமானது. அதற்கான கடிதத்தை பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தேன். சொன்னால் அக்கா போய்விடுவாள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருபது நாள் அப்படியே கழிந்தது. ஒரு நாள் அம்மா எதையோ தேடும்போது அது அவள் கையில் சிக்கியது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத் தலைப்பில் இருந்த பள்ளியின் முத்திரை மட்டும் தெரியும், என் அடையாள அட்டையில் பார்த்திருக்கிறாள். என் முன்னால் வந்து நின்று, "இதுல இன்னா எழுதிகீதுன்னு எனுக்குத் தெரியாது. நீ ஒளிச்சி வெச்சிக்கினு கீறியே, அது தெரியுது. அவளாண்ட குடுத்துடு" என்றாள். அந்தக் கடிதத்தால் மகளை இழக்கப்போவது அவள்தான்.

அக்கா கடிதத்தைப் படித்தாள். மேலே இருந்த தேதியையும் பார்த்தாள் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நைனாவின் கைப் பயிற்சியை எனக்குச் சொல்லித்தரட்டுமா என்று மட்டும் கேட்டாள். நான் அழுதேன். அவளும் அழுதாள்.

வேலையை விடுகிறாள் என்றதும் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொன்னார்கள். அரசாங்க வேலையை யாராவது உதறுவார்களா? மருத்துவமனையில் அவளுடைய மேலதிகாரி அம்மாள் பிரியத்தோடு ஒரு யோசனை சொன்னார்: ராஜினாமா வேண்டாம், நீண்ட விடுப்பு எழுதிக் கொடு, பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாம். அக்கா அன்று மாலை வீட்டில் ராஜினாமாக் கடிதம்தான் எழுதினாள். "அன்னிக்கி ரெண்டு வழி வேணும்னு இருந்துச்சு. இப்ப தேவைப்படலை" என்றாள். இந்த முறை நைனா எதுவும் கேட்கவில்லை. மடம் அவளைச் சேர்த்துக்கொண்டது. பயிற்சிக் காலம் முடிந்து அவள் துறவற வாக்குக் கொடுத்த முதல் வார்த்தைப்பாட்டுக்கு நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். விருந்தில் தூரத்து உறவினர் ஒருவர், பெண்ணுக்கு வரன் அமையவில்லையா என்று மெல்ல விசாரித்தார். நைனா இலையிலிருந்து தலையைத் தூக்கினார். "அமைஞ்சிது. கவர்மெண்டு வேலையும் கெடைச்சிது. அல்லாத்தியும் பாத்துட்டுத்தான் போயிகீறா" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

இப்போது அக்கா தெற்கே ஓர் ஊரில், படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிகளுக்காக மடம் நடத்தும் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறாள். போன விடுமுறைக்குப் போயிருந்தேன். நாற்பது கட்டில்கள், எங்கும் வாடை இல்லை. வெள்ளைப் புடவையில் அவள் ஒரு கிழவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் வலியில் வைதார். அவள் சிரித்தபடியே கேட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்மணி என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க சிஸ்டருக்கு சிஸ்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதிர்க்கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.