நெல் காய்ந்த பாதிச் சாலை

இன்று காலை உத்திரமேரூர் ஏரிக்கரைத் திருப்பத்தில் ஒரு டிப்பர் லாரி என் முதுகுக்குப் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஏர் ஹாரன். காதில் விழுவதற்கு முன்பே அது வயிற்றில் விழும். வழக்கம்போல ஸ்கூட்டரை மண்ணில் இறக்கினேன். லாரி தார்ப்பாய் போடாமல் எம்-சாண்ட் ஏற்றிக்கொண்டு போனது. அது கிளப்பிய தூசி அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். ஈர மணலும் டீசலும் கலந்த அந்த வாடை வந்தாலே எனக்கு தேவகி அக்கா ஞாபகம் வந்துவிடும்.

காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் லேபில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வண்டி ஓட்டக் கற்றதும் அப்போதுதான். கற்றது என்று சொல்வதுகூடக் கொஞ்சம் பெருமைதான். ஹாரன் சத்தத்தை வைத்துப் பின்னால் வருவது எதுவென்று கண்டுபிடிக்க மட்டும் கற்றிருந்தேன். டைமிங் தவறிய பிரைவேட் பஸ் விடாமல் அழும். கம்பெனி வேன் விட்டுவிட்டுக் குத்தும். ஷேர் ஆட்டோவுக்கு ஹாரனே தேவையில்லை, டிரைவரின் வாய் போதும். எது வந்தாலும் நான் ஓரத்துச் சேற்றில் இறங்கிவிடுவேன். மழைக்காலத்தில் முழங்கால்வரை சேறோடு போய் நின்றால், "இன்னா மேடம், நாத்து நட்டுட்டு நேரா வர்றியா?" என்பார் ஆஸ்பத்திரி வாட்ச்மேன். சிரித்துக்கொண்டே குழாயடியில் காலைக் கழுவுவேன். கோபம் வராதா என்று கேட்காதீர்கள். வரும். ஆனால் பயம் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடும்.

தேவகி அக்கா அதே ஆஸ்பத்திரியில் மருந்துக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவாந்தண்டலத்துக்காரர். வீட்டுக்காரர் இல்லை. ஒரு மகளைப் படிக்க வைத்துக்கொண்டு, குத்தகைக்கு விட்ட கொஞ்சம் கழனியையும் கவனித்துக்கொண்டிருந்தார். என் சேற்றுக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "நாளையிலேர்ந்து கூட்டுரோட்ல நில்லு, நானும் வரேன்" என்றார். அன்றுமுதல் அவர் முன்னால், நான் பின்னால்.

அவர் வேகமாகப் போக மாட்டார். ஆனால் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் தார் ரோட்டை விட்டு இறங்க மாட்டார். பின்னால் லாரிக்காரன் கத்துவான். வாயில் வரக்கூடாததெல்லாம் வரும். அக்கா ஒரு கையைப் பின்னால் நீட்டி, மாட்டை அமர்த்துவதுபோல மெல்ல ஆட்டுவார். அவ்வளவுதான். அகலமான இடம் வந்த பிறகு அவரே ஒதுங்கி வழிவிடுவார். ஒருநாள் டீக்கடையில் நிறுத்தியபோது, "பயமா இல்லியாக்கா?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு பயம்? அவன்கிட்ட பிரேக்கு கீதுல்ல? மிதிக்கட்டும். ரோடு இன்னா அவன் அப்பன் வூட்டு சொத்தா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பயம் கீதுடி. எறங்கிக் குடுத்துக்கினே இருந்தா நாளைக்கு மண்ணுலயும் வுட மாட்டானுங்கோ" என்றார். அந்த இரண்டாவது பேச்சுதான் எனக்குப் பிடித்தது.

எங்கள் பக்கம் நவரைப் பட்டத்து நெல் அறுப்பு வந்தால் ரோடு பாதியாகிவிடும். களத்துமேடு இல்லாதவர்கள் தார் ரோட்டிலேயே நெல்லைக் கொட்டிக் காலால் துழாவிக் காய வைப்பார்கள். இடப்பக்கம் முழுக்க நெல், அதன் ஓரத்தில் வரிசையாகக் கல். மீதிப் பாதியில்தான் போக்கும் வரத்தும். எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் நின்று விட்டுக்கொடுக்க வேண்டும். தப்புதான், ரோடு நெல் காயவைக்கப் போட்டதல்ல. ஆனால் அதைத் தப்பென்று சொல்கிற ஒருவரையும் அன்று நான் எங்கள் ஊரில் கண்டதில்லை. செருப்புக் காலோடு நெல்லைத் தாண்டுவதற்கே தயங்குகிற ஜனங்கள்.

அப்படி ஒரு காலையில் நெல்லுக்கும் வலப்பக்கத்துப் பள்ளத்துக்கும் நடுவே நாங்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்தோம். பின்னால் டிப்பர் வந்தது. ஹாரன் நிற்கவே இல்லை. அக்காவின் கை பின்னால் நீண்டது. இந்தத் தடவை அவன் மிதிக்கவில்லை. என்னை உரசுகிற மாதிரி வலப்பக்கம் ஏறி வந்தான். நான் கல்லை இடித்துக்கொண்டு நெல்லுக்குள் பாய்ந்து, சறுக்கி, நெல்லிலேயே விழுந்தேன். கிடந்தபடியே பார்த்தேன். அக்காவும் இடப்பக்கம்தான் ஒடித்தார். முன்சக்கரம் கல்லைத் தொட்டது. அங்கேயே பிரேக் போட்டு, காலை ஊன்றி நின்றுவிட்டார். ஒரு முழம் ஏறியிருந்தால் போதும். டிப்பரின் பின்பக்கம் அவர் வண்டியைச் சாய்த்தது, பின்சக்கரம் அவருடைய வலது கால்மேல் ஏறிப் போனது.

டிரைவர் ஓடவில்லை. இருபது வயதுப் பையன். கல் வரிசையின் மேல் உட்கார்ந்துகொண்டு, "டிரிப்பு லேட்டாய்ட்ச்சிக்கா, டிரிப்பு லேட்டாய்ட்ச்சி" என்று அழுதுகொண்டிருந்தான். அவனை அடிக்க ஓடி வந்தவர்கள்கூட அந்த அழுகையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். எனக்கு அவன்மேல் இன்றும் ஆத்திரம் தீரவில்லை. அந்த அழுகையும் மறக்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் ஓரமாக நின்று தலையில் அடித்துக்கொண்டார். "நெல்லு போனா போவுது தாயி, மேல ஏத்திக்கினு வந்திருக்கலாமே! நான் இன்னா சொல்லப் போறேன்?"

"சோத்து மேல எப்டிம்மா ஏத்துறது?" என்றார் அக்கா. யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. தண்ணீர் வேண்டும் என்பதுபோல மிகச் சாதாரணமாகச் சொன்னார். நெல்லில் விழுந்து எழுந்து முழுசாக நின்றுகொண்டிருந்த நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

இப்போது அந்த ரோடு அகலமாகிவிட்டது. நடுவில் தடுப்புச் சுவர், ஓரத்தில் வெள்ளைக்கோடு. நிழல் தந்த புளியமரங்கள் போயின. அறுவடை மெஷினிலிருந்து நெல் நேராக வண்டியில் ஏறி ஈரத்தோடு வியாபாரியிடம் போய்விடுகிறது. ரோட்டில் ஒரு மணி சிந்துவதில்லை. எதிரே வருகிறவனுக்காக யாரும் நிற்கவேண்டியதில்லை, அதனால் நிற்கிற பழக்கமும் போய்விட்டது. இவ்வளவு அகலத்திலும் ஹாரன் மட்டும் குறையவில்லை.

அக்கா செங்கல்பட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். கட்டைக்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு மகளிடம் எனக்குக் காபி கலக்கச் சொன்னார்.

"ரோடு பெர்சாயிட்ச்சாமே. நெல்ல எங்க கொட்டுறாங்கோ?"

"யாரும் கொட்டுறதில்லக்கா. ஓரமெல்லாம் காலியாதான் கீது."

வருகிறவனெல்லாம் பிரேக் மிதிக்கட்டும் என்று கை நீட்டியவர். அந்தக் கை மடியில் கிடந்தது.

"அப்ப ஹாரன் அடிச்சா நீ எறங்கிக்கடி," என்றார்.