யாருக்காக நிற்கிறோம் என்று எழுதிய சண்முகசுந்தரம்

சண்முகசுந்தரம் இறந்துபோன செய்தி வந்தபோது நான் சாந்தன்பாறையில் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம் ஒன்றில், அவர் எழுதிய நிரலைத்தான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பாலக்காட்டு அலுவலகத்திலிருந்து மினி அழைத்தாள். "அக்கா, சண்முகண்ணன் போயிட்டாரு. காலையில தோப்புல விழுந்தவரு எழவே இல்ல. சாயங்காலம் எடுக்கறாங்க" என்றாள். இத்தனை வருடம் பக்கத்து மேசையிலிருந்து என்னோடு சண்டை போட்டவர் இனி இல்லை என்பதை மனம் ஏற்கவே இல்லை.

எதற்குச் சண்டை என்பது அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாவா நிரல் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யும். அப்படி ஓடும் ஒவ்வொன்றும் ஒரு த்ரெட். ஒன்று முடியும்வரை இன்னொன்று நிற்க வேண்டுமென்றால் 'ஜாயின்' என்ற கட்டளை இருக்கிறது. உலர்த்தும் அறை ஒவ்வொன்றின் சூட்டையும் ஒரு த்ரெட் அளந்து வரும். எல்லாம் வந்த பிறகே அடுப்பைக் கூட்டுவதா குறைப்பதா என்று முதன்மை த்ரெட் முடிவு செய்யும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வராததை விட்டுவிட்டுப் போகலாம் என்பது என் கட்சி. அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "ஏனுங்க மேடம், அனுப்பிச்சதே நாமதானுங்க. வர்ற வரைக்கும் நிக்கோணுமல்லங்க?" என்பார்.

அந்தப் பிடிவாதம் ஒருமுறை காலை வாரியது. எலி ஓர் அறையின் கம்பியைக் கடித்துவிட, அந்த த்ரெட் முடியவே இல்லை. அதற்காக மற்றதெல்லாம் நின்றது, திரை அசையவில்லை. ஏலக்காய் முதலாளி போனில் கத்திய கத்தலை நான் சண்முகத்துக்கு நடித்தே காட்டினேன். அவரும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து மாற்றினார். நிரல் சற்று நேரம் நிற்கும். வந்துவிட்டதா என்று பார்க்கும். வராவிட்டால் 'மூன்றாம் அறைக்காக நிற்கிறேன்' என்று திரையில் காட்டி, மணி அடித்துவிட்டு, மறுபடியும் நிற்கும். அதைப் பார்த்து ஆட்கள் அந்த அறைக்கு ஓடுவார்கள். "நிக்கறது தப்பில்லீங்க. ஆருக்காக நிக்கறோம்னு சொல்லாம நின்னாத்தான் தப்பு" என்றார்.

இதைச் சொன்ன மனிதர் தன் மகள் கோகிலாவின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார். அவள் தான் விரும்பியவரைக் கட்டிக்கொண்டு மூணாறுக்குப் போன பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. எனக்கும் மூணாறுதான் ஊர் என்பதால் அவளோடு பழக்கம் உண்டு. நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், "மூணாத்துல மழைங்களா? எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று கேட்பார். எல்லாரும் என்றால் யார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நல்லா இருக்காங்க என்பேன். தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அவர் இறந்த செய்தி வந்த அன்று மூணாறு வழியாகவே ஜீப்பில் கிளம்பினேன். கோகிலா தன் வீட்டு வாசலில் அழுதுகொண்டு நின்றாள். "அக்கா, அங்க என்னைய ஆரு எதிர்பாக்கறாங்க? போனா எல்லாரும் தொரத்துவாங்க" என்றாள்.

"தொரத்துனா நானும் ஒங்கூட வெளிய நிக்கேன். ஏறு புள்ள" என்றேன்.

வழியெல்லாம் மழை. கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. சண்முகம் வீட்டிலிருந்த மினியை அழைத்தேன். அங்கே பேசுவது எங்களுக்கும் கேட்டது. பெரியவர் ஒருவர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "பொழுது எறங்கிருச்சு. எடுத்தறலாமுங்க. இன்னும் ஆருக்கு நிக்கறது?"

சண்முகத்தின் மனைவி ஈஸ்வரி பதில் சொன்னார். "எம்புள்ள கோகிலாவுக்குத்தானுங்க. அவ வராம எடுக்க உடமாட்டேன்."

அதைக் கேட்டதும் கோகிலா என் மடியில் விழுந்து கதறிவிட்டாள்.

வீடு போய்ச் சேர்ந்ததும் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். வாய்க்கரிசி போட்டாள். அதன் பிறகுதான் எடுத்தார்கள்.

சண்முகம் திரையில் காட்ட எழுதிய அந்த வரியை நான் வைத்துக்கொள்கிறேன். இனி நான் எழுதும் நிரல்களிலும் அது இருக்கும். கூடவே அவர்மேல் ஒரு கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன். சண்முகம், ஒரே ஒரு தடவை உங்கள் வாயால் அவள் பெயரைச் சொல்லியிருந்தால், நான் அன்றைக்கே போய் அவளைக் கூட்டிவந்திருப்பேன்.