கினுயோவின் திட்டும் செருப்பு

அறுபத்து மூன்று வயதுக்குள் கினுயோ மினொதானி இருபத்தாறு பொருள்களைக் கண்டுபிடித்திருந்தாள். அந்த இருபத்தாறில் ஒன்றைக்கூட யாரும் அவளிடம் கேட்டதில்லை.

கிழக்கு ஒசாக்காவில், தக்காயிதாவில் வீட்டுக்கு வீடு பட்டறை. அவள் கணவர் தோகுஜி ஒரே ஒரு அழுத்த எந்திரத்தை வைத்துக்கொண்டு கதவுக் கீல்கள் அடித்தார். அடித்து வந்த கீல்களின் விளிம்பில் நிற்கும் பிசிறை அரம் போட்டு எடுப்பது கினுயோவின் வேலை. முப்பத்தைந்து வருடம் அதைச் செய்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் படித்தது கொஞ்சம்தான். கீலிடம் படித்தது அதிகம். எந்த விளிம்பு கையை அறுக்கும், எந்தத் திருகு ஆறு மாதத்தில் கழலும், எந்த வளைவு பார்க்க அழகாக இருந்து பிடிக்கக் கொடுமையாக இருக்கும் என்பதெல்லாம் அவள் விரல்களுக்குத் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிடைக்கும் நாற்பது நிமிடத்தில், மிச்சத் தகடுகளை வைத்துக்கொண்டு தன் சொந்த வேலையைப் பார்த்தாள்.

முதலில் செய்தது ஊறுகாய்ப் பழத்தின் கொட்டை எடுக்கும் இடுக்கி. அது கொட்டையைச் சுத்தமாகத்தான் எடுத்தது. எடுத்த கொட்டையை எங்கே போடுவது என்பதை மட்டும் தானே முடிவு செய்தது. முதல் நாள் தோகுஜியின் இடது கண். இரண்டாம் நாள் அவர் வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். வலது கண்.

ஒன்பதாவது, ரயிலில் தூங்குகிறவர்களுக்கான கழுத்துப் பட்டை. தலை சாயாமல் தாங்கும். முன்னால் ஓர் அட்டை தொங்கும்: "சுருஹாஷி நிலையம் வந்ததும் எழுப்பவும்." நாராவில் அண்ணன் வீட்டுக்குப் போய்த் திரும்பிய தோகுஜியின் கழுத்தில் அதை மாட்டி ரயிலேற்றினார்கள். வழி நெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது அவரைத் தட்டி எழுப்பி, "அண்ணே, இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்கள். சுருஹாஷியில் மட்டும் யாரும் எழுப்பவில்லை. ரயில் கடைசி நிலையத்தில் நின்ற பிறகு துப்புரவுக்காரர் வந்து எழுப்பி, எங்கே வாங்கியது என்று கேட்டார்.

ஒவ்வொன்றையும் அக்கம்பக்கத்தாருக்கும் உறவுக்காரர்களுக்கும் அழகாகச் சுற்றிப் பரிசாகக் கொடுப்பாள். அவர்களும் இரண்டு கையாலும் வாங்கி, இதுவல்லவா பொருள் என்று வியப்பார்கள். பிறகு அது சுவர் அலமாரிக்குள் போர்வைகளுக்குப் பின்னால் போய்விடும். கினுயோ வரப்போவதாகத் தெரிந்தால் வெளியே வந்து மேசையில் உட்காரும். அவள் கிளம்பியதும் போர்வைக்குப் பின்னால் திரும்பிவிடும். எதிர்வீட்டு ஹமாஜி அம்மாள் ஒருமுறை அவசரத்தில் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தாள்.

"தினமும் இதத்தான் உபயோகிக்கிறேன் கினுயோ சான். இது இல்லாம எப்படி இருந்தேன்னே தெரியல!"

"உறையோடவா?"

"அழுக்காயிடக் கூடாதில்ல!"

கினுயோ சிரித்துவிட்டு வந்தாள். ஆனால் அவளை ஏமாற்ற முடியாது. உபயோகித்த பொருளின் விளிம்பு மழுங்கும், பிடி கறுக்கும். அவள் செய்ததெல்லாம் பிறந்த மேனிக்கு மினுமினுத்துக் கொண்டிருந்தன. பணமோ பேரோ அவள் கேட்கவில்லை. அவளை யாரென்றே தெரியாத ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அவள் செய்த ஒன்றைத் தேய்த்துப் பழசாக்க வேண்டும். முகத்துக்காக இல்லாமல், தேவைக்காக. இருபத்தாறு முறை அது நடக்கவில்லை.

தோகுஜி அறுபத்தெட்டாவது வயதில் எந்திரத்தை நிறுத்தினார். அதோடு புதிய தொல்லை ஆரம்பித்தது. பகல் முழுக்க வீட்டில் இருந்தார். வீட்டில் இருந்ததால் தேநீர் குடித்தார். தேநீர் குடித்ததால் கழிவறைக்குப் போனார். போகிறவர், கழிவறைக்கென்று அங்கே கிடக்கும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வரவேண்டும் அல்லவா? போட்டுக்கொண்டே வந்தார். கூடத்துக்கு வந்தார். பாய் விரித்த அறைக்குள் வந்தார். ஒருநாள் புத்த பீடத்தின் முன்னால் அதே செருப்போடு நின்று, செத்துப்போன தன் அப்பாவுக்கு ஊதுபத்தி ஏற்றினார்.

"உங்கப்பா எழுந்து ஓடியிருப்பாரு," என்றாள் கினுயோ.

"எங்கப்பாவும் இப்படித்தான்."

இருபத்தேழாவது பொருள் அன்று பிறந்தது.

பதினான்கு மாதம் பிடித்தது. கழிவறை வாசற்படியில் ஒட்ட ஒரு காந்தப் பட்டை. செருப்பின் குதிகாலில் ஒரு சின்ன விசை, பித்தானளவு பேட்டரி, பாடும் வாழ்த்து அட்டையிலிருந்து பிடுங்கிய குரல் சில்லு. செருப்பு பட்டையைத் தாண்டினால் குரல் வரும். திரும்பப் பட்டையைத் தாண்டி உள்ளே போனால்தான் நிற்கும். கனம் கூடினால் ஆள் கவனித்துவிடுவான், குறைந்தால் பேட்டரிக்கு இடமில்லை. ஈரத் துணியால் துடைத்தாலும் உள்ளே தண்ணீர் இறங்கக்கூடாது. பேட்டரி மூடியை மட்டும் பதினொரு முறை மாற்றிச் செய்தாள்.

குரலுக்கு ஹமாஜி அம்மாளின் மகளைப் பிடித்தாள். பெரிய அங்காடியின் மின்தூக்கியில் மாடி எண்களைச் சொல்லும் பெண் அவள். தேன் வடியும் குரலில் பதிவு செய்து கொடுத்தாள்: "மன்னிக்கவும். தாங்கள் இன்னும் கழிவறைச் செருப்பை அணிந்திருக்கிறீர்கள் போலத் தோன்றுகிறது."

தோகுஜி நின்று அதைக் கடைசிவரை கேட்டார். "ஆமாம்," என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு நடந்து போனார்.

அவருக்கென்று தனியாக ஒரு ஜோடி செய்தாள். அதில் தன் குரலையே போட்டாள். அது வேலை செய்தது. முதல் நாள் தோகுஜி ஒரு முழம் எகிறிக் குதித்தார்.

தேன் குரல் ஜோடி ஒன்றைப் படங்களோடு டோக்கியோவில் தபால்வழி விற்பனைப் பட்டியல் போடும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினாள். இதற்கு முன் பன்னிரண்டு முறை அனுப்பி, பன்னிரண்டு அழகான மறுப்புக் கடிதங்கள் வாங்கியிருந்தாள். இந்த முறை ஆளே வருவதாகக் கடிதம் வந்தது. வசந்தகாலப் பட்டியலில் ஒரு கட்டம் காலி இருக்கிறதாம்.

வந்தவர் பெயர் ஷிராசு. ஐம்பது வயதிருக்கும். கோட்டில் ஒரு மடிப்பு இல்லை, பேச்சிலும் இல்லை. பாயில் மண்டியிட்டு முதுகு வளையாமல் உட்கார்ந்தார். மாதிரிப் பெட்டி மேசைமேல் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. கினுயோ பதற்றத்தில் அவர் கோப்பையை நாலு முறை நிரப்பினாள். நிரப்பியதைக் குடிக்காமல் விடுவது அவர் வளர்ப்பில் இல்லை.

"ரொம்ப மன்னிக்கணும்," என்றார் கடைசியில். "கழிவறை கொஞ்சம் உபயோகிச்சுக்கலாமா?"

"தாராளமா! கூடத்துக் கடைசிக் கதவு."

கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகுதான் கினுயோவுக்கு உறைத்தது. உள்ளே கிடப்பது தோகுஜியின் ஜோடி.

"யோவ்," என்று கிசுகிசுத்தாள். "உன் செருப்பு அங்க இருக்கு."

தோகுஜி முகம் வெளுத்தது. "போய்த் தட்டு."

"தட்டி? 'ஐயா, வரும்போது செருப்ப மாத்திக்கிட்டு வாங்க'ன்னு சொல்லவா? அவரு என்ன பாலர் பள்ளிப் பிள்ளையா?"

"அப்ப கதவுகிட்ட போய் நில்லு."

"வந்த விருந்தாளிய கக்கூஸ் வாசல்ல நின்னு வரவேற்கச் சொல்றியா?"

"டோக்கியோக்காரரு. ஒழுங்கா கழட்டிட்டுத்தான் வருவாரு. எல்லாரும் என்னை மாதிரியா?"

"உன்ன மாதிரி ஒருத்தன்தான் இருக்கான்னா நான் யாருக்கு இத விக்கிறது?"

தண்ணீர் இரைந்தது. கதவு திறந்தது. காலடி ஒன்று. காலடி இரண்டு.

"யோவ் எருமை! கக்கூஸ் செருப்ப கழட்டுய்யா! எத்தனை தடவ சொல்றது!"

ஷிராசு அங்கேயே நின்று கழற்றியிருக்க வேண்டும். திடுக்கிட்டு ஓடினார். ஓடியதோ பாயறைக்குள். ஐந்து நொடி இடைவெளி விட்டுச் செருப்பு மறுபடி ஆரம்பித்தது. "யோவ் எருமை!" ஷிராசு கினுயோவின் வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. தன் காலைப் பார்த்தார். அவர் நின்ற இடம் புத்த பீடத்துக்கு நேர் எதிரே.

பிறகு அவர் செய்ததை தோகுஜி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கால்களை உருவி, செருப்பின் முன்னால் மண்டியிட்டு, நெற்றி பாயில் படக் குனிந்து, "பெரிய தப்பு நடந்துபோச்சு, மன்னிக்கணும்," என்று செருப்பிடம் சொன்னார் ஷிராசு. "எத்தனை தடவ சொல்றது!" என்றது செருப்பு. அதை இரண்டு கைகளிலும் ஏந்தி, பெரிய மனிதரின் முகவரி அட்டையைக் கொண்டுபோவதைப் போலக் கொண்டுபோய்க் கழிவறைக்குள் வைத்தார். அது அடங்கியது.

திரும்பி வந்து உட்கார்ந்தார். எதுவும் நடக்கவில்லை என்று மூன்று பேருமாகச் சொல்லாமலே முடிவு செய்துகொண்டார்கள். இந்த வருடம் செர்ரிப் பூ சீக்கிரம் மலரும்போல என்றார் ஷிராசு. ஆமாம், குளிர் குறைச்சல்தான் என்றாள் கினுயோ. ஏழு நிமிடம் பூவைப் பற்றியே பேசினார்கள். பெட்டியைத் திறக்காமலே அவர் ரயிலுக்குக் கிளம்பினார்.

"போச்சு," என்றார் தோகுஜி.

"பதினாலு மாசம்," என்றாள் கினுயோ. மேசைமேல் இருந்த பெட்டியைத் தூக்கிப் போர்வைகளுக்குப் பின்னால் தானே வைத்தாள்.

நான்காம் நாள் தொலைபேசி அடித்தது.

"மினொதானி சான், நான் ஷிராசு பேசறேன். அன்னிக்கு உங்க வீட்டுல..." அலுவலகக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "நான் திட்டு வாங்கி இருபத்தாறு வருஷம் ஆச்சுங்க. எங்க ஆபீஸ்ல யாரும் யாரையும் திட்ட மாட்டாங்க. 'கொஞ்சம் யோசிச்சுப் பாக்கலாமே'ம்பாங்க. இந்த நாலு நாளா, எந்தக் கழிவறையை விட்டு வந்தாலும் நான் காலைத்தான் பாக்கறேன். நீங்க முதல்ல அனுப்பின நல்ல குரல் மாதிரியை மேலாளர்கள் பதினோரு பேருக்குப் போட்டுவிட்டோம். பதினோரு பேரும் அதுக்கு நன்றி சொல்லிட்டு நடந்து போயிட்டாங்க. எங்களுக்கு அந்த இன்னொரு குரல் வேணும்."

கினுயோ தொலைபேசியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "அந்தத் திட்டு வேணுமாம். அது உன்னத் திட்டினது. ஊருக்கெல்லாம் எப்படிக் குடுக்கறது?"

"குடு," என்றார் தோகுஜி. "முப்பத்தெட்டு வருஷமா நான் ஒருத்தனே வாங்கிக்கிட்டிருக்கேன். நாட்டுல நாலு பேரு பங்கு போட்டுக்கட்டுமே."

டோக்கியோவில் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்தார்கள். ஒலிவாங்கியைப் பார்த்துத் திட்ட அவளுக்கு வரவில்லை. எட்டு முறை முயன்றாள். எட்டும் செய்தி வாசிப்பு போலவே வந்தன. கடைசியில் தோகுஜிக்குக் கழிவறைச் செருப்பை மாட்டி, அந்தக் கூடத்தின் புத்தம்புதுக் கம்பளத்தின்மேல் நடக்கவிட்டார்கள். ஒரே தடவையில் வந்துவிட்டது.

வசந்தகாலப் பட்டியலில், எண்பத்து மூன்றாம் பக்கத்தில், ஓரத்துக் கட்டத்தில் அச்சானது. விற்கவும் செய்தது. வாங்கியவர்களிடமிருந்து கருத்து அட்டைகள் கட்டுக்கட்டாக வந்தன. எல்லாவற்றிலும் "மிகவும் திருப்தி" என்ற இடத்தில் வட்டம். ஹமாஜி அம்மாள் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். கினுயோவுக்கு அந்த வட்டங்கள்மேல் நம்பிக்கை இல்லை. ஹமாஜி அம்மாளே அப்படித்தானே வட்டம் போடுவாள், உறையைப் பிரிக்காமல்?

"நாலாயிரம் பேரு வாங்கியிருக்கான்," என்றார் தோகுஜி. "இன்னும் என்னடி வேணும் உனக்கு?"

"வாங்கினது தெரியும். போட்டாங்களான்னு தெரியணும்."

இரண்டு வருடம் கழித்து இருவரும் வகாயாமா பக்கம் வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டு, தனாபேயில் ஓர் உதோன் நூடுல்ஸ் கடைக்குள் நுழைந்தார்கள். பாய் போட்ட சின்னக் கடை. ஆறேழு பேர் குனிந்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். கினுயோ வாய் நிறைய நூடுல்ஸை இழுத்த நேரம் தோகுஜி கழிவறையிலிருந்து வந்தார்.

"யோவ் எருமை! கக்கூஸ் செருப்ப கழட்டுய்யா!"

"தெரியும் விடு! எல்லார் முன்னாலயும் கத்தணுமா?" என்று தோகுஜி கடையின் அந்தக் கோடியிலிருந்து அவளைப் பார்த்துக் கத்தினார்.

கினுயோவின் வாயிலிருந்து நூடுல்ஸ் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. அவள் பேசவில்லை என்பது கடைக்கே தெரிந்தது. யாரும் நிமிரவில்லை. அவர்களுக்கு இது பழகிப்போன சத்தம்.

"மனசுல வச்சுக்காதீங்க பெரியவரே," என்றார் கடைக்காரர், கொதிக்கும் பானையைக் கிளறியபடி. முண்டாசு கட்டிய முரட்டு மனிதர். "எல்லாரையும்தான் திட்டும். போன வாரம் எங்க ஊர் மேயரு வாங்கினாரு. எந்த ஊரு வாயாடியோ தெரியல. ஆனா அவ வந்த பிறகு என் பாய் சுத்தமா இருக்கு."

கினுயோ வாயில் இருந்ததை விழுங்கினாள். எழுந்து போய், தோகுஜி உள்ளே போய்க் கழற்றிய செருப்பில் ஒன்றை எடுத்து, செய்தவளுக்கு மட்டும் தெரிந்தபடி குதிகால் விசையைத் தள்ளி அதன் வாயை அடைத்து, தன் இடத்துக்கு வந்தாள்.

குதிகால் ஒருபக்கம் சாய்ந்து தேய்ந்திருந்தது. வார் கறுத்து வழவழவென்று ஆகியிருந்தது. அடியில் எதுவோ சிந்திக் காய்ந்த கறை. பேட்டரி மூடியின் கொக்கி உடைந்து, அதன்மேல் ஒட்டு நாடா மூன்று சுற்று. அந்த நாடாவும் பழசாகி ஓரம் சுருண்டிருந்தது. கட்டை விரலால் குதிகால் விளிம்பைத் தடவினாள். பிசிறே இல்லை. முழுக்க மழுங்கியிருந்தது. இன்னொரு முறை தடவினாள்.

"மூடி மட்டும் மட்டம்," என்றார் கடைக்காரர். "ஆறாம் மாசமே புட்டுக்கிச்சு. எந்த எருமை செஞ்சதோ!"

தோகுஜி வாயைத் திறந்தார். கினுயோ மேசைக்கு அடியில் அவரை ஓர் உதை விட்டாள்.

"ஆறு மாசம்னு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டாள். "கொக்கி ஒடஞ்சுதா, வளைஞ்சு அப்புறம் ஒடஞ்சுதா?"

"எனக்கென்ன தெரியும்? ஏம்மா, நாலு பேரு சாப்பிடற மேசையில கக்கூஸ் செருப்ப வச்சிருக்கீங்களே!"

அவள் ஒட்டு நாடாவை நகத்தால் உரிக்க ஆரம்பித்திருந்தாள். பையிலிருந்து பென்சிலை எடுத்து, சாப்ஸ்டிக் உறையின் பின்பக்கத்தில் கொக்கியின் வளைவை வரையத் தொடங்கினாள்.

"விடுய்யா," என்றார் தோகுஜி கடைக்காரரிடம். "இனிமே நீ என்ன கத்தினாலும் அவ காதுல விழாது. எனக்கு இன்னொரு கிண்ணம் போடு. வெங்காயத் தாள் நிறைய."