ஒரு கட்டத்துக்குள் அடங்கிய காற்று

அண்ணன் இறந்த செய்தி வந்தபோது தேனாம்பேட்டை அலுவலகத்தில் ரேடார் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். மழை எந்தப் பக்கம் போகிறது என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்வது என் வேலை. அண்ணனுக்குப் பந்தல் போடும் வேலை. அன்று மதியம் அடையாறில், கடலை ஒட்டிய மைதானத்தில், ஒரு கல்யாணப் பந்தலின் மேல் நின்றிருந்தான். காற்றில் பெயர்ந்த தகரம் அடித்துக் கீழே விழுந்துவிட்டான்.

நான் அழவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வந்தவர்களுக்கு டீ சொன்னேன்.

காரியம் முடிந்தபின் அண்ணி மயிலாப்பூரில் என் வீட்டுக்கு வந்தாள். பந்தல் காண்ட்ராக்டர், "சாதா காத்துதான், அவன்தான் கட்டு லூசா வுட்டுட்டான்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். கூட வேலை செய்தவர்களோ, கடலிலிருந்து தூண் மாதிரி காற்று சுத்திக்கினு வந்தது என்றார்கள்.

"உன் ரேடார்ல வுழுந்திருக்கும்ல? காட்டுடி."

லேப்டாப்பைத் திறந்தேன். ரேடாரை நோக்கி வரும் காற்று பச்சை, விலகிப் போகும் காற்று சிவப்பு. பெரிய சுழல் என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டித் தெரியும். மைதானம் இருந்த இடத்தில், வேகம் ஏதும் இல்லை என்று காட்டும் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றுதான் இருந்தது.

"இதுல அவரு எங்க?"

"இந்தக் கட்டத்துக்குள்ள."

"இவ்ளோதானா?"

"ஒரு கட்டம்னா ஒரு தெரு அளவு அண்ணி. சுழல் அதைவிடச் சின்னது. உள்ள வர்ற காத்து, போற காத்து எல்லாத்தையும் சேத்து ஒரே வேகமாத்தான் காட்டும். ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும்."

"அப்போ சுழல் இல்லன்றியா?"

"இருந்துதா இல்லையான்னு இதை வெச்சு சொல்ல முடியாது."

வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அதே குரலில்தான் சொன்னேன். அண்ணி என்னையே பார்த்தாள்.

பிறகு, கூட வேலை செய்த ஒருவர் அன்று போனில் எடுத்த படங்களை வாங்கிப் பார்த்தேன். சவுக்குக் கட்டைகள் ஒரு குறுகிய பாதையில், ஒரு பக்கம் கடலைப் பார்த்தும் மறுபக்கம் ரோட்டைப் பார்த்தும் விழுந்திருந்தன. பக்கத்திலேயே அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள் அசையவே இல்லை.

அண்ணியைக் கூட்டிக்கொண்டு கோடம்பாக்கத்தில் காண்ட்ராக்டரின் கொட்டகைக்குப் போய் அவற்றைக் காட்டினேன்.

"நேர்க் காத்துன்னா எல்லாக் கட்டையும் ஒரே பக்கம் சாஞ்சிருக்கும். இது சுத்தின காத்து. கட்டு எவ்ளோ இறுக்கமா இருந்தாலும் பிச்சிருக்கும்."

அவர் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "தெரியாம சொல்லிட்டேம்மா. இனிமே சொல்ல மாட்டேன்" என்றார்.

அண்ணி அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். நான் வெளியே வந்து ஆட்டோவை நிறுத்தினேன். ஏறியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஏன்டி அழவே மாட்டேன்ற?" என்றாள்.

"தெரியல அண்ணி."

வடபழனியில் அவளை வீட்டில் விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். மதியத்து மழை பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். பதில் எழுதினேன்.