திருவுளச்சீட்டில் வந்த ஷோகன்

எட்டாம் வகுப்புச் சரித்திரத்தில் இடைக்கால ஜப்பான் வந்தபோது பொடியன்கள் வாள்களையும் கோட்டைகளையும் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது யோஷினோரி என்ற ஒரு ஷோகன். பேரரசரை அரண்மனையில் மரியாதையாக இருத்திவிட்டு நாட்டை உண்மையில் ஆளுகிற படைத்தலைவனுக்குத்தான் அந்தப் பெயர். அவனைப் பற்றி ஐந்து நிமிடம் வகுப்பில் பேச வேண்டும்.

முதல் நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். இரண்டாம் நாள் எனக்கு அவனைத் தவிர வேறு பேச்சில்லை. பின்னே என்ன! அப்போது ஷோகனாக இருந்த அவனுடைய அண்ணன் சாகக் கிடக்கிறார். அவருடைய மகன் முன்னமே போய்விட்டான். அடுத்தது யார் என்று சொல்லவும் மாட்டேன் என்கிறார். தம்பிமார் நான்கு பேர், நான்கு பேரும் துறவிகள். பெரியவர்கள் கூடி நான்கு சீட்டு எழுதிக் கோயிலில் வைத்து ஒன்றை எடுக்கிறார்கள். யோஷினோரி! மடத்தில் மொட்டைத் தலையோடு இருந்தவன், முடி வளரும்வரை காத்திருந்து ஷோகன் ஆகிறான்!

இதையெல்லாம் கேட்க எங்கள் வீட்டில் மாமா ஒருவருக்குத்தான் நேரம் இருந்தது. அம்மாவின் அண்ணா. படகில் வந்து, முகாமில் கிடந்து, அந்த வருடம்தான் மல்கிரேவில் எங்களோடு வந்து சேர்ந்திருந்தார். அவருடைய விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. பகல் முழுக்கப் புல்லு வெட்டுவார். வெட்டிய புல்லையே மறுபடியும் வெட்டுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது படியில் உட்கார்ந்திருப்பார்.

மாமா வந்த கதை வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். படகில் ஓர் இடம்தான் ஒழுங்காகியிருந்தது. ஊரில் மாமாவும் சின்ன மாமாவும் இருந்தார்கள். யார் போவது என்று பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு சீட்டுப் போட்டார்கள். மாமாவின் பெயர் வந்தது. அவர் கடலில் இறங்கி மூன்று மாதத்துக்குள், விசாரணை என்று சொல்லிச் சின்ன மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. சின்ன மாமாவின் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா சொல்லுவார்: "பிள்ளையார் எடுத்துத் தந்த சீட்டு. நாங்கள் என்ன செய்யிறது."

எனக்கு இதைவிட நல்ல ஒற்றுமை கிடைக்குமா? ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். "உங்களை மாதிரித்தான் மாமா! அவனுக்கும் சீட்டு, உங்களுக்கும் சீட்டு!"

"ஆள் ஆர் எண்டு சொன்னனி?"

"ஷோகன்."

"சோகனோ? பேரிலேயே சோகம். பிறகெங்க சிரிக்கிறது?"

"சீரியஸா மாமா, அவனுக்குச் சிரிப்பே பிடிக்காது. சடங்கில சிரிச்ச ஒரு பிரபுவின்ர காணியைப் பறிச்சவன். சாப்பாடு சரியில்லை எண்டு சமையல்காரருக்குத் தண்டனை குடுத்தவன். கடவுளே எடுத்துக் குடுத்த ஆள், பிறகேன் எல்லாரிலயும் கோவம்?"

மாமா புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமில்லைப் பிள்ளை, பயம். சிரிக்கிறவன் ஏன் சிரிக்கிறான் எண்டு அவனுக்குத் தெரியாது. விசயம் வெளியில தெரிஞ்சு போச்செண்டு நினைப்பான்."

"என்ன விசயம்?"

"சீட்டை எழுதினது ஆர்?"

குறிப்பைப் புரட்டினேன். "ஒரு பெரிய குரு."

"அப்ப நாலு சீட்டிலயும் ஒரே பேர்தான்."

எனக்குப் புல்லரித்தது. மாமா நிறுத்தவில்லை. என்னிடம் சொல்வதுபோலவும் இல்லை. "எடுத்த சீட்டை மட்டும்தான் சனம் விரிச்சுப் பாக்கும். மிச்சத்தை ஒருத்தரும் கேக்க மாட்டினம். வாய்க்குள்ள போட்டுச் சப்பி விழுங்கினாச் சரி. மை கொஞ்சம் கைக்கும், அவ்வளவுதான்."

ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் குசினியில் ஒத்திகை பார்த்தேன். அம்மா கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார். மாமா கதிரையில் இருந்து தேங்காய் துருவினார். அம்மாவுக்காகத் தமிழில் பேசினேன். முடி வளரக் காத்திருந்த இடத்தில் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஷோகனின் சாவு. அடுத்த தண்டனை தங்களுக்குத்தான் என்று பயந்துபோன ஒரு வீட்டார் அவனை விருந்துக்கு அழைக்கிறார்கள். கூத்து நடக்கிறது. எங்கோ தடதடவென்று சத்தம். "என்ன அது?" என்கிறான். "இடியாக்கும்" என்கிறார் பக்கத்தில் இருந்தவர். பின்னால் கதவுகள் திறக்கின்றன, வாளோடு ஆட்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் சீட்டின் மர்மத்தை நான் கடைசிக்கென்று வைத்திருந்தேன். நான்கிலும் ஒரே பெயர், விழுங்கிய மிச்சச் சீட்டுகள். "மை கொஞ்சம் கைத்தது" என்று முடித்துத் தலை குனிந்து வணங்கினேன்.

அம்மா கைதட்டவில்லை.

"இது புத்தகத்தில இருக்கோ?"

"இல்லை. மாமா சொன்னவர்," என்றேன், மாமாவுக்கும் பெருமை சேரட்டும் என்று.

அம்மா அடுப்பை அணைத்தார். கத்தரிக்காய் பாதிப் பொரியலில் எண்ணெய்க்குள்ளேயே கிடந்தது.

"அண்ணா, எங்கட சீட்டை எழுதினது ஆர்?"

தேங்காய் துருவும் சத்தம் நின்றது. வெளியே அப்பாவின் காருக்காகக் கராஜின் கதவு தடதடவென்று மேலே போனது.

"மச்சான் வந்திட்டார் போல," என்றார் மாமா.

அடுத்த கிழமை அவர் டண்டினோங்குக்குப் போய்விட்டார், படகில் கூட வந்தவர்கள் சேர்ந்து எடுத்திருந்த ஒரு வீட்டுக்கு. "போட்டு வாறன்" என்று குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னார். உள்ளே தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா வெளியே வரவில்லை. பிறகு என்னிடம், "ஐஞ்சு நிமிசத்துக்கு மேல கதைச்சுப் போடாத," என்றார்.

தான் கண்டுபிடித்ததை நான் எல்லாருக்கும் போட்டுடைத்ததில் மாமாவுக்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். அடுத்த தடவை மன்னிப்புக் கேட்க வசனம்கூட யோசித்து வைத்திருந்தேன். அம்மா சின்ன மாமாவின் படத்தை வழக்கம்போலத் துடைத்தார். பிள்ளையாரின் பெயரை மட்டும் பிறகு எடுக்கவேயில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

அந்தச் சீட்டில் தில்லுமுல்லு நடந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்களுக்கும் சந்தேகம் இருப்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் பின்னால் வாசித்தேன். மை கைக்கும் என்று நான் வாசித்த ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

வகுப்பில் நான் பேசியது எல்லாருக்கும் பிடித்திருந்தது. எழுதிக் கொடுத்திருந்த பேச்சுத் தாள் திரும்பி வந்தபோது ஆசிரியை அந்த மை வசனத்தை மட்டும் சிவப்பால் வட்டமிட்டு, "ஆதாரம்?" என்று கேட்டிருந்தார். பக்கத்தில் பென்சிலால் "மாமா" என்று எழுதினேன். பிறகு, வீட்டு ஆட்கள் சொல்வது ஆதாரம் ஆகாது என்று படித்தது ஞாபகம் வந்து, அதை அழித்துவிட்டேன்.