தமிழ்மொழி போட்ட பூனைச் சீட்டு

திண்டிவனத்தில் எங்கள் அச்சகம். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி வரைக்கும் அடிப்போம். நான் சேட்டு, பேப்பர் வெட்டுகிற மிஷினில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள் தமிழ்மொழி. விக்கிரவாண்டிக்காரி, ஒண்டிக்கட்டை, ஒன்று நினைத்தால் நினைத்ததுதான்.

போன வருஷம் பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுசுக்கு மெனு கார்டு கொடுக்கப் போனாள். அங்கே தங்கியிருந்த ஒரு அம்மா, காலையில் காபி குடிக்கும்போது பூனைப் படம் போட்ட சீட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு யோசிப்பாராம். அதைப் பார்த்துவிட்டு வந்தவளுக்குப் பிடித்துக்கொண்டது. பத்திரிகை வெட்டி மிஞ்சிய அட்டையில் தானே பூனை வரைய ஆரம்பித்துவிட்டாள்.

"பூனை குறுக்க போனாலே ஜனங்க ஊட்டுக்குத் திரும்பிப் போயி தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புது. இத எவன் வாங்குவான்?" என்றேன்.

"வாங்குவாங்கண்ணே. நீங்க ஓரத்த நேரா வெட்டிக் குடுங்க, போதும்."

எனக்குக் கோபம்தான். ஆனாலும் வெட்டிக் கொடுத்தேன்.

மொத்தம் முப்பத்திரண்டு சீட்டு. மதில்மேல் ஒரு பூனை நிற்கும். கீழே 'எந்த முடிவைத் தள்ளிப்போடுகிறாய்?' என்று இருக்கும். இன்னொரு பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும். 'எதைப் பார்க்காத மாதிரி இருக்கிறாய்?' தினம் ஒன்றை எடுத்துத் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். பலன் என்று ஒரு வரி கிடையாது. நடக்கப்போவதைச் சொல்லவே மாட்டேன் என்பதில் அவள் அவ்வளவு பிடிவாதம்.

அமாவாசையன்று அதை விற்க மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினாள். துணைக்கு நானும் போனேன். துணி விரித்துச் சீட்டைப் பரப்பியதுமே ஆரம்பித்தது பேஜாரு.

"கிளி எங்கம்மா? பூனை தின்னுட்டுதா?" என்றான் ஒருத்தன். மற்றவர்கள் எல்லாம் குறி கேட்டார்கள். "இது குறி இல்லீங்க" என்றதும் எழுந்து போனார்கள்.

"ரெண்டு வார்த்த சேத்துச் சொன்னா நாக்கு தேஞ்சா பூடும்?" என்று கத்தினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை.

மத்தியானம் சின்னக்கண்ணு என்ற அம்மா வந்து உட்கார்ந்தாள். பின்னால் மகள் தேவயானி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தப் பெண்ணின் முழங்கைக்குக் கீழே இரண்டு சூட்டுத் தழும்பு.

"இவ நாலு மாசமா எங்கூட்டுல இருக்கா. மாப்ள கூப்ட்டுக்கினே இருக்காரு. அனுப்பறதா, வேணாமா? ஆத்தா இன்னா சொல்றான்னு பாப்பம்." தமிழ்மொழி வாய் திறப்பதற்குள் சின்னக்கண்ணு ஒரு சீட்டை உருவிவிட்டாள். வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் தாய்ப்பூனை.

"பாத்தியா! குட்டியக் கொண்டுபோயி உடுது. நானே கொண்டுபோயி உடணும்னு ஆத்தா சொல்லிட்டா. இன்னிக்கே செஞ்சி பஸ் ஏறிடறோம்."

மாப்பிள்ளை வீடு செஞ்சியில். தேவயானியின் முகம் வெளுத்துப்போனது. தமிழ்மொழியின் காதில், "அனுப்பாதன்னு ஆத்தா சொல்றதா சொல்லிடும்மா. ஒரு பொய்தான?" என்றேன்.

"நான் இன்னிக்கு அனுப்பாதன்னா, அடுத்த அமாவாசைக்கு வேற ஒருத்தரு அனுப்புன்னுவாரு, அண்ணே" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, சின்னக்கண்ணு பக்கம் திரும்பினாள்.

"அக்கா, படத்துக்குக் கீழ எழுதியிருக்கு."

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா."

"உங்க பொண்ணு படிக்கட்டும்."

"அவள இன்னாத்துக்கு? அவளுக்கு இன்னா தெரியும்?"

"அவ படிக்காம உங்கள எழுந்துக்க உடமாட்டேன்." சின்னக்கண்ணுவின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். 'ஜல்தியா ஆவட்டும்' என்று பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் அசையவில்லை.

தேவயானி சீட்டை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். "இதை எங்கே வைத்தால் பத்திரம்?"

"உங்கிட்டதாம்மா" என்றாள் தேவயானி. "அங்க உட்டன்னா அவன் என்னக் கொன்னுடுவான்."

"அடிப்பாவி, இத்தினி நாளா ஏண்டி சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையேம்மா. ஜோசியருகிட்ட கேட்ட, பூசாரிகிட்ட கேட்ட. என்னிய ஒரு வார்த்த கேட்டியா?"

சின்னக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, அதை மறைப்பானேன். அப்புறம் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"வா, போவலாம்."

"செஞ்சிக்கா?" தேவயானி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"நம்ம ஊட்டுக்குடி."